தானாக வரும் வலியும் வரவழைக்கும் வலியும்

குள்ளஞ்சாவடியில் வாழும் நம் நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து ஒருநாள் அஸருக்குப் பின் தொலைபேசி வந்தது. கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாக நெய்வேலி செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. அவ்வீட்டு மருமகளுக்குத் தலைப்பிள்ளை. மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் கடந்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் வலி வரவில்லை. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், மருந்து வைத்து வலியை வரவழைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். மாமியாரோ, அல்லாஹ் நாடிய நேரத்தில் வலி தானாக வரும், அதை மருந்தால் இழுத்துக் கொண்டுவருவது களாகத்ருக்கு மாறு செய்வதாகாதா என்று கேட்டார். அரபிக் கல்லூரி ஆசிரியர் என்பதனால் அந்தக் கேள்வி நம்மிடம் வந்து சேர்ந்தது. கிதாபுகளைப் பார்த்து நாளை சொல்கிறோம் என்றோம்.

மறுநாள் தேர்வு வேலை. அதற்கடுத்த நாள் ஒரு நிக்காஹ். மூன்றாம் நாள் காலையில் பிள்ளையின் அசைவு குறைந்திருக்கிறது என்று அப்பெண் சொல்ல, காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பனிக்குட நீர் பச்சை நிறத்தில் வந்தது. வலியை வரவழைக்க இனி நேரமில்லை என்று அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். நான்கு நாட்கள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், குழந்தை நலமாக வீடு வந்தது. ஆனால் அந்த இரண்டு நாள் தாமதத்தில் நம் பங்கு என்ன என்பது நமக்குத் தெரியும். அதன் பின்னரே இப்பொருள் குறித்து நாம் முறையாகப் படிக்கத் தொடங்கினோம். முன்பே படித்திருக்க வேண்டும்.

முதலில் நம்மைச் சிந்திக்க வைத்தது நாள் கணக்கு. அந்த மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் நாள் இன்னும் மீதமிருந்தது. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் எண்ணுகிறார்கள். நம் வீட்டுப் பெண்களிலோ சிலர் தலைமுழுகிய நாளிலிருந்து எண்ணுவர், சிலர் குளி தவறிய நாளிலிருந்து எண்ணுவர். முதல் முறையில் ஏறத்தாழ ஒரு வாரம் மாறும், இரண்டாவதில் நான்கு வாரமே மாறிவிடும். இத்துடன் பிறைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மவ்லூது மாதம், நோன்பு மாதம் என்று பிறையை வைத்து நினைவில் கொள்ளும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு. 280 நாட்கள் என்பது பிறைக் கணக்கில் ஒன்பது மாதமும் சுமார் பதினான்கு நாளும் ஆகும். ஆங்கில மாதக் கணக்கில் ஒன்பது மாதமும் ஏழு நாள் போலவும் ஆகும். ஒருவர் இக்கணக்கில் தொடங்கி அக்கணக்கில் முடித்தால் ஒரு வாரம் கூடவோ குறையவோ செய்யும். வலியை வரவழைக்க வேண்டுமா, காத்திருக்கலாமா என்ற முடிவே ஒரு வாரத்தில்தான் தொங்குகிறது. இத்தகைய குழப்பங்களுக்காகவே தொடக்க மாதங்களில், அதாவது முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் கணக்கை மருத்துவர்கள் பெரிதும் நம்புகின்றனர். பிந்திய மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் நாளைக் கணிப்பதில் அத்தனை துல்லியமானதன்று.

நம் ஃபுகஹாக்களும் இந்த நாள் கணக்கோடு போராடியவர்களே. கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடில்லை. அல்குர்ஆனின் இரு வசனங்களை இணைத்து ஸஹாபாக்கள் காலத்திலேயே அது பெறப்பட்டது. மிகக் கூடிய காலம் எவ்வளவு என்பதில்தான் வேறுபட்டனர். ஹனஃபி மத்ஹபில் இரண்டு ஆண்டுகள், ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு ஆண்டுகள், இப்னு ஹஸ்மிடத்தில் ஒன்பது மாதங்கள். இன்று வாசிப்போருக்கு நான்கு ஆண்டு என்பது நகைப்பைத் தரலாம். ஆனால் அவர்கள் அங்கே மருத்துவம் பேசவில்லை. கணவனை இழந்த அல்லது பிரிந்த ஒரு பெண்ணின் மீது பழி விழாமலும், பிறந்த குழந்தை தகப்பன் பெயரை இழக்காமலும் காப்பதற்கு எத்தனை தூரம் இடம் கொடுக்கலாம் என்பதே அவர்கள் முன் நின்ற வழக்கு. அன்று பெண்கள் சொன்ன வாக்குமூலங்களே அவர்களுக்குச் சான்று. 1929இல் எகிப்து நாட்டுச் சட்டம் அவ்வுச்ச வரம்பை 365 நாட்களாகச் சுருக்கியது. ஆங்கிலேயர் 1872இல் இயற்றிய இந்தியச் சாட்சியச் சட்டம் திருமண முறிவுக்குப் பின் 280 நாட்கள் என்று வைத்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியமும் அதே 280ஐத்தான் வைத்திருக்கிறது. வாரிசுரிமையைக் காக்க எழுதப்பட்ட இந்த வரம்புகளைக் காட்டி, கர்ப்பம் எத்தனை நாள் வேண்டுமானாலும் நீளலாம் என்று மருத்துவரிடம் வாதிடுவது கிதாபை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைப்பதாகும். நாம் அந்த இரண்டு நாட்களில் புரட்டிய பக்கங்களும் இவையே என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அரபியில் பேறுகால வலிக்கு ‘மகாள்’ என்றும் ‘தல்க்’ என்றும் பெயர். முதற்சொல் மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைக் கூறும் வசனத்தில் வருகிறது. இரண்டாவது சொல்லின் வேரிலிருந்துதான் நம்மவர் அச்சத்தோடு உச்சரிக்கும் ‘தலாக்’கும் பிறந்தது. கட்டவிழ்தல், விடுபடுதல் என்பது வேர்ப்பொருள். இன்றைய அரபு நாட்டுப் பெண்கள் மருந்தால் வரவழைக்கும் வலியை ‘தல்க் ஸினாஈ’, செயற்கை வலி, என்கின்றனர்.

மர்யம் (அலை) அவர்கள் வலியின் கடுமையில் பேரீச்ச மரத்தடிக்கு வந்ததும், மரத்தைக் குலுக்குமாறு அறிவிக்கப்பட்டதும், புதிய கனிகள் உதிர்ந்ததும் நாமறிந்தவை. அத்தகைய நேரத்திலும் மரத்தை அசைக்கும் முயற்சி அவர்களிடமே விடப்பட்டது என்பதை முஃபஸ்ஸிர்கள் சுட்டிக் காட்டுவர். ஜோர்டானில் 2007, 2008இல் நடந்த ஓர் ஆய்வில், பேறுகாலத்துக்கு முந்திய நான்கு வாரங்கள் நாளொன்றுக்கு ஆறு பேரீச்சம்பழம் உண்ட 69 பெண்களையும் உண்ணாத 45 பெண்களையும் ஒப்பிட்டனர். உண்டவர்களில் 96 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 79 விழுக்காட்டினருக்கும் வலி தானாக வந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் சிறிய ஆய்வு. யார் உண்பது என்பது குலுக்கலில் முடிவு செய்யப்படவும் இல்லை. மேடைகளில் இதை முழங்குவோர் அந்தப் பகுதியை விட்டுவிடுகின்றனர். சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணி மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரசவத்துக்கு மனிதர் உதவுவதை நம் மருத்துவ மரபு ஒருபோதும் குற்றமாகக் கண்டதில்லை. குர்துபாவின் அரீப் இப்னு ஸஅத் பத்தாம் நூற்றாண்டிலேயே கருவின் படைப்பு, கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்பு குறித்துத் தனி நூல் எழுதினார். அதே ஆந்தலுஸின் அஸ்ஸஹ்ராவி தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பாகத்தில் கடினப் பிரசவத்துக்கான கருவிகளை வரைந்தே காட்டினார். 1037இல் மறைந்த இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ பிரசவத்தை எளிதாக்கும் மருந்துகளைத் தனியே பேசுகிறது. தும்மலை உண்டாக்குவதும் அன்றைய முறைகளுள் ஒன்று. இப்னு கல்தூன் ‘முகத்திமா’வில் மருத்துவச்சியின் கைத்தொழிலுக்கு ஓர் இயலே ஒதுக்கி, தாய்க்கும் பால்குடிக் குழந்தைக்கும் வரும் நோய்களைத் தேர்ந்த வைத்தியரைவிட மருத்துவச்சியே நன்கறிவாள் என்று ஒப்புக்கொள்கிறார். குழந்தை பிறந்ததற்கு ஒரே ஒரு மருத்துவச்சியின் சாட்சியே போதும் என்பது ஹனஃபி மத்ஹபு. வேறு வழக்குகளில் பெண் சாட்சியம் பற்றி விவாதிப்போர் இதையும் நினைவிற் கொள்வது நலம்.

நம் தமிழ் வீடுகளில் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். சூட்டு வலியானால் அடங்கும், பிள்ளை வலியானால் வலுக்கும் என்பர். விளக்கெண்ணெய் கொடுத்தவர்களும் உண்டு. மலபாரில் மாப்பிள்ளைமார் வீடுகளில் சுகப்பிரசவம் வேண்டி நஃபீஸத் மாலை ஓதினர். ஹஜ்ஜிலிருந்து வருவோர் கொண்டுவரும் காய்ந்த மர்யம் பூவை நீரிலிட்டு, அது விரிவதுபோல் பிரசவமும் எளிதாகும் என எதிர்பார்ப்பது அரபு நாடுகள் முதல் மலாய் நாடு வரை பரவிய வழக்கம். ஓதுவதில் எந்த மருந்துக்கும் தடையில்லை. ஆனால் அப்பூ ஊறிய நீரையோ விளக்கெண்ணெயையோ மருத்துவமனை மருந்தோடு சேர்த்து இரகசியமாகக் குடிக்கச் செய்வது வேறு செய்தி. ஏற்கெனவே மருந்தால் இறுகிச் சுருங்கும் கருப்பையின் மேல் இன்னொன்றை ஏற்றுவதாக அது முடியலாம். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பியரும் இங்கே தவறிக் கற்றவர்களே. 1756இல் லண்டன் மருத்துவர்கள் கூடி, இடுப்பெலும்பு குறுகிய தாய்க்கு நாளுக்கு முன்பே பனிக்குடத்தை உடைத்துப் பிரசவத்தைத் தொடங்கி வைப்பது அறமாகுமா என்று விவாதித்து, ஆகும் என்று முடிவு செய்தனர். நம் மாமியார் கேட்ட கேள்விக்கு வெகு தொலைவில் இல்லை இது. 1808இல் அமெரிக்கரான ஜான் ஸ்டேர்ன்ஸ், கம்புபோன்ற ரை தானியக் கதிரில் வளரும் எர்கட் பூஞ்சையின் பொடி பிரசவத்தை விரைவாக்குகிறது என்று அறிவித்தார். அளவு தெரியாமல் அதைக் கொடுத்ததில் கருப்பை இறுகி, குழந்தைகள் இறந்து பிறந்தன. 1824இல் டேவிட் ஹோசக் அதைப் பிறப்புப் பொடி அல்ல, இறப்புப் பொடி என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. பின்னர் 1906இல் ஹென்றி டேல் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அச்சாற்றின் ஆக்ஸிடோசினை ஆய்வகத்தில் செய்து காட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். விரைந்த பிறப்பு என்பதே அப்பெயரின் கிரேக்கப் பொருள். இன்று டிரிப்ஸில் சொட்டுச் சொட்டாக ஏறுவது அதுதான். கருப்பை வாயை மென்மையாக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் வலியை வரவழைக்கலாம் என்பதை 1968இல் உலகுக்குக் காட்டியது லண்டனோ நியூயார்க்கோ அன்று. உகாண்டாவின் மகரேரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுல்தான் கரீம் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஆவர். நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவர். ஆண் மருத்துவர் முன் வரவியலாத பெண்கள் பேறுகாலத்தில் படும் துயரைக் கேள்வியுற்றே மருத்துவம் படித்தவர் அவர். லண்டன் சென்று பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் சென்னையில் சாதிப் பெண்டிருக்கும் கோஷாப் பெண்டிருக்குமான விக்டோரியா மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியின் அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிய பின்னும் அதை மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். கோஷா என்ற அச்சொல்லில் நம் வீட்டுப் பெண்களின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

சென்னையில் வாசல் திறந்தது. மாவட்டங்களிலோ நிலைமை வேறு. குள்ளஞ்சாவடி அன்று அடங்கியிருந்த அதே தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனத்தில் 1890களில் ஓர் இரவு நிகழ்ந்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. மிஷனரி மருத்துவரான ஜான் ஸ்கடரின் மகள் ஐடா அப்போது பெற்றோரிடம் வந்திருந்த இளம்பெண். அவர் மருத்துவம் பயின்றவரல்லர். பயிலும் எண்ணமும் இல்லை. அன்றிரவு ஒரு பிராமண இளைஞர் வந்து, பேறுகாலத்தில் துடிக்கும் தம் மனைவியைக் காக்க வருமாறு ஐடாவை அழைத்தார். எனக்கொன்றும் தெரியாது, என் தந்தை மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைக் காணலாகாது என்று அவர் திரும்பிவிட்டார். சற்றுப் பின் இரண்டாமவர் வந்தார். அவர் முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுமொழி, அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் உயர்சாதி இந்து. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடா அமெரிக்கா சென்று 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்தே வளர்ந்தது.

இந்நிகழ்ச்சியை வேலூரின் புகழுக்காகப் பலர் எடுத்துரைப்பர். நமக்கு அந்த இரண்டாமவரே கண்முன் நிற்கிறார். அவர் தம் மனைவியை நேசிக்காதவர் அல்லர். நள்ளிரவில் ஓடிவந்தவர் அவர். பெண் மருத்துவர் கிடைக்காதபோது, உயிருக்கு ஆபத்தான நிலையில் ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்க்கலாம் என்பது எல்லா மத்ஹபுகளின் கிதாபுகளிலும் எழுதப்பட்டிருந்தது. திண்டிவனத்தில் அதை அவருக்கு எடுத்துச் சொல்லும் ஆலிம் அன்றிரவு இருந்தாரா, இருந்து நாளை சொல்கிறேன் என்றாரா? குள்ளஞ்சாவடித் தொலைபேசிக்குப் பிறகு இக்கேள்வியிலிருந்து நம்மால் தப்ப முடியவில்லை.

இன்று நம் பெண்கள் எதிர்கொள்ள வேண்டியதைச் சொல்வோம். நாள் 41 வாரத்தைக் கடந்தவர்களுக்கு வலியை வரவழைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது. நாள் மிகக் கடந்தால் நஞ்சுக்கொடி தளர்ந்து, குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்புக் கூடுகிறது என்பதே காரணம். உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வலியில்லாமலே பனிக்குடம் உடைதல், குழந்தையின் வளர்ச்சி குன்றுதல் ஆகியனவும் காரணங்களாகும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தாலோ குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ இம்முறை கூடாது. முன்பு அறுவைசிகிச்சை நடந்திருந்தால் அந்தத் தழும்பு பிரியும் அபாயத்தை எண்ணி மருத்துவர் தனியே முடிவெடுப்பார்.

சேர்ந்தவுடன் உள்பரிசோதனை செய்து கருப்பை வாய் எவ்வளவு மென்மையாக, எவ்வளவு விரிந்து இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் இடுவர். 1964இல் எட்வர்ட் பிஷப் வகுத்த கணக்கு இது. வாய் கனியாதிருந்தால் ஜெல் வைப்பர், அல்லது சிறு குழாயின் நுனியில் உள்ள பலூனை உள்ளே வைத்து நீரால் ஊதச் செய்வர், அல்லது மிசோப்ரோஸ்டால் கொடுப்பர். இம்மிசோப்ரோஸ்டால் வயிற்றுப் புண்ணுக்காக வந்த மாத்திரை. இங்கே தருவது 200 மைக்ரோகிராம் மாத்திரையின் எட்டில் ஒரு பங்குதான், இரண்டு மணிக்கொரு முறை. நாக்பூரின் அரசு மருத்துவமனைகளில் இரத்த அழுத்தம் கூடிய 602 பெண்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் இயல்பாகப் பெற்றோர் மாத்திரை உண்டவர்களில் 57 விழுக்காடு, பலூன் வைத்தவர்களில் 47 விழுக்காடு. வாய் கனிந்த பின் பனிக்குடத்தை உடைத்து, டிரிப்ஸில் ஆக்ஸிடோசினை மெல்ல ஏற்றுவர். தலைப்பிள்ளைக்கு இவையெல்லாம் முடிய ஒரு நாள், சில வேளை இரண்டு நாளும் ஆகும். காலையில் மருந்து வைத்து மாலையில் பிள்ளை பிறக்கவில்லையே என்று வராந்தாவில் கூச்சலிடும் ஆடவர் இதை அறிய வேண்டும்.

வலி, தானாக வருவதைவிட நெருக்கமாகவும் கடுமையாகவும் இருப்பதாகப் பெண்கள் சொல்கின்றனர். வலி குறைக்கும் மருந்து கேட்பது பொறுமையின்மை ஆகாது. குழந்தையின் இதயத் துடிப்பை அடிக்கடி பார்ப்பர். சுருக்கம் மிகுந்தால் டிரிப்ஸை நிறுத்துவர். எதிலும் வழி பிறக்காவிட்டால் அறுவைதான். வீட்டுக்கு ஆள் வரவழைத்து ‘வலி ஊசி’ போட்டுக்கொள்வது ஹோசக் கண்ட கொடுமைக்குத் திரும்பிப் போவதாகும். சொட்டுக் கணக்கில் அளந்து ஏற்ற வேண்டியதை ஒரேயடியாகச் செலுத்தும் செயல் அது.

மறுபுறமும் ஒன்றுண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைசிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. இத்தகைய சூழலில் மருத்துவர் அவசரப்படுத்துகிறாரோ என்று குடும்பத்தார் ஐயுறுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 6106 தலைப்பிள்ளைத் தாய்மாரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், 39ஆம் வாரத்திலேயே வலி வரவழைத்தவர்களிடம் அறுவை 18.6 விழுக்காடும், காத்திருந்தவர்களிடம் 22.2 விழுக்காடும் இருந்தன. ஆகவே வலி வரவழைப்பது அறுவையில்தான் முடியும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் அங்குள்ள கண்காணிப்பு எல்லா ஊருக்கும் வாய்த்துவிடவில்லை. காரணம் என்ன, எந்த நாளை வைத்துக் கணக்கிட்டீர்கள், இரண்டு நாள் காத்தால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேட்பது நோயாளியின் உரிமை. காரணமின்றி நாள் குறிப்பது மருத்துவர் செய்தாலும் நாம் செய்தாலும் ஒன்றுதான். சித்திரையில் பிள்ளை பிறக்கலாகாது என்று அண்டை வீட்டார் அஞ்சுவதைக் குறை கூறும் நாம், ஸஃபர் மாதத்தையும் ஒடுக்கத்துப் புதனையும் கண்டு அஞ்சுகிறோம். ஸஃபரில் பீடையில்லை என்று நபி (ஸல்) அவர்களே மறுத்துவிட்டார்கள்.

களாகத்ர் பற்றிய கேள்விக்கு விடை, நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லித்தரும் பாடத்திலேயே இருந்தது. தாஊன் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம் இதே கேள்வி எழுப்பப்பட்டது. ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது அவர்கள் விடையின் பொருள். அதை நினைவுகூர இரண்டு நாட்கள் தேவையே இல்லை. பிரசவத்துக்கு முன் காணும் நீரோ இரத்தமோ ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் நிஃபாஸ் ஆகாது என்பதனால் தொழுகை பற்றியும் பெண்கள் கேட்பர். இயன்றவாறு, படுத்த நிலையில் சைகையாலும் தொழலாம் என்று முன்னரே சொல்லி வைத்தால் வலியின் நடுவே அவர்கள் கலங்க மாட்டார்கள்.

கையெழுத்துப் பற்றியும் ஒரு சொல். வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணுக்கான சிகிச்சைக்கு அவளுடைய ஒப்புதலே வேண்டும், தாய் தந்த ஒப்புதல் அதற்கு ஈடாகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குள்ளஞ்சாவடி வீட்டில் அந்த இரண்டு நாட்களும் கணவர், மாமனார், மாமியார், நாம் என்று எல்லாரும் பேசினோம். அப்பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. பின்னர் ஒருநாள் நாமே கேட்டபோது, முதல் நாளே போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன் மாமா, நீங்கள் கிதாபு பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள் என்றாள்.

இப்போது அவ்வீட்டின் இளைய மருமகள் கருவுற்றிருக்கிறாள். சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், கடைசி மாதவிலக்கின் முதல் நாளை மாமியாரே பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். இரண்டாம் மாத ஸ்கேன் சீட்டு அதே ஆணியில் தொங்குகிறது.